காளானுக்காக நான் பேசிய பேச்சு

எனக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம், சுமார் கால் மணி நேரம் உச்சத்தில் இருந்தது. அதற்குப் பிறகு யார் என்னைப் பேசக் கூப்பிட்டாலும் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். (இத்தனை வருஷமாகவா ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அவர்களுக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கலாம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் விழுப்புரத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜ் என்றதும் மரங்களும் மைதானமும் நினைவுக்கு வரவேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே மாடி, ஓலைத் தடுப்பு போட்ட நான்கு வகுப்புகள். பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் தவறியவர்களைத் திரும்பவும் பரீட்சைக்குத் தயார் செய்து அனுப்புவது எங்கள் தொழில். நான் தினமும் வளவனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பாசி, பூஞ்சை, பெரணி என்று படம் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிப் போவேன்.

அதே காலேஜில் விலங்கியல் எடுத்தவள் மல்லிகா. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு அலமாரி. மேல் தட்டில் பாட்டிலில் அவளுடைய தவளை, கீழ்த் தட்டில் தினத்தாளுக்குள் காய்ந்துபோன என்னுடைய பெரணி. "சார், உங்க இலை எல்லாம் என் தவளை மேல கொட்டுது" என்று ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில், கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அதற்குப் பிறகும் அவள் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டாள், நான் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மல்லிகாவின் அப்பா கோவிந்தசாமி. திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாகக் கொல்லை (மானாவாரி நிலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) வைத்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிறவர். மகள் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை, மறுக்கவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம்.

"பொண்ணு பாக்க வந்து சட்டை மடிப்பு கலையாம ஒக்காந்துக்கினு இருந்தா எல்லாரும் நல்லவனாத்தான் தெரிவான். அவன் வேலை செய்யற எடத்துல பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரின்சிபால் திண்டிவனத்தில் ஒரு கிளை திறக்க முடிவெடுத்தார். (பிரின்சிபால் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.) விஜயதசமி அன்று புதுச் சேர்க்கை. அதற்கு முந்தின நாள், சரஸ்வதி பூஜை சாயங்காலம், கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டி ஒரு பட்டிமன்றம். தென்னாற்காடு ஜில்லாவில் அப்போது கோயில் திருவிழா என்றாலும் பட்டிமன்றம், கல்யாண வரவேற்பு என்றாலும் பட்டிமன்றம். எல்லா இடத்திலும் காவிய நாயகிகளில் யார் உயர்ந்தவர் என்பதுதான் தலைப்பு. அந்தப் பெண்மணிகளே இரண்டு நாள் விடுப்பு கேட்டிருப்பார்கள். எங்கள் பிரின்சிபால் மாற்றி யோசித்தார்.

"நம்மகிட்ட வர்றவன்ல முக்காவாசிப் பேரு சயின்ஸ்லதான் ஃபெயிலு. அதனால சயின்ஸ் பட்டிமன்றம். டீச்சர், நீங்க ஒரு பறவை சொல்லுங்க. சார், நீங்க ஒரு செடி சொல்லுங்க."

மல்லிகா கரிச்சான் குருவியைச் சொன்னாள். கரேலென்று, இரட்டை வாலோடு, கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்குமே, அது. நான் சிப்பிக் காளான் என்றேன். அது செடியில்லை, பூஞ்சை வகை. ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் தாவரவியல் பக்கம்தான் இருந்தது, பிரின்சிபாலும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நான் காளானைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு படித்த என் நண்பன் ஒருவன் அப்போதுதான் காளான் வித்து அனுப்பியிருந்தான். நானும் வைக்கோலை நனைத்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, வளவனூர் வீட்டின் குளியலறையில் மூன்று பைகளைத் தொங்கவிட்டிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக எல்லோரும் கிணற்றடியில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியாக, 'உழவனுக்குப் பெரிதும் உதவுவது கரிச்சான் குருவியா, சிப்பிக் காளானா?' என்று தலைப்பு முடிவாகி நோட்டீசும் அடித்தாயிற்று. பாடுகிற பறவையையும் வாயே இல்லாத காளானையும் எப்படி எடை போடுவது என்று மல்லிகா கேட்டதற்கு, "பட்டிமன்றம்னா அப்படித்தான்மா இருக்கும்" என்றார் பிரின்சிபால். நடுவரும் அவரேதான்.

கோவிந்தசாமி அன்றைக்கு வந்து என்னைப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. மேடையில் பேசுவதும் வேலைதானே. மல்லிகா என்னை அலமாரிப் பக்கம் தனியாக அழைத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"சார், நீங்க தோத்துடணும்."

"ஏன் டீச்சர்?"

"எங்கப்பாவுக்குத் தோத்துட்டு சிரிச்ச மொகமா இருக்கறவங்களத்தான் புடிக்கும். அதிகமாப் பேசறவங்களக் கண்டா ஆவாது. நீங்க அஞ்சு நிமிஷம் அடக்கமாப் பேசிட்டு ஒக்காந்துடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமான வேலையை என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அதற்குமுன் எத்தனையோ விஷயங்களில் முயற்சியே செய்யாமல் தோற்றிருக்கிறேன். சரி என்று தலையாட்டினேன்.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் விழுப்புரம் காலேஜில் பூஜை. நான் காளானைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் நண்பன் அனுப்பிய புத்தகத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு வாழை இலை வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பிரின்சிபால் மேஜைமேல் இருந்த எல்லாவற்றையும் அள்ளி சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூவும் போட்டுவிட்டார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலையில்தான் எடுக்கவேண்டும். அன்று முழுக்க ஒரு எழுத்தும் படிக்கக் கூடாது. படித்தால் படிப்பு வராது.

"சார், என்னோட குறிப்பு அதுல மாட்டிக்கினு இருக்குது" என்றேன்.

"மனசுல இருக்கறதப் பேசுங்க சார். சரஸ்வதி கைவிட மாட்டா" என்றார் பிரின்சிபால்.

சரஸ்வதி கைவிடவில்லை. அவள் என் குறிப்புகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பெரிதாகக் கவலை இல்லை. ஐந்து நிமிஷம் பேசித் தோற்பதற்குக் குறிப்பு எதற்கு?

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். தோற்பதுதான் திட்டம் என்றாலும், கொஞ்சம் மதிப்பாகத் தோற்கலாமே என்று பட்டது. அதனால் இரண்டு பைகளில் விளைந்த காளானைக் காலையிலேயே பறித்து எடுத்துக்கொண்டேன். மூன்றாவது பையைப் பறிக்காமல், வெள்ளை வெளேரென்று பூத்த காளானோடு அப்படியே பாலிதீன் சுற்றிக் கட்டினேன். இது மேடையில் காட்டுவதற்கு. பறித்தது பக்கோடாவுக்கு.

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது? உள்ள எதுனா உசுரோட கீதா?" என்று கேட்டார். உயிரோடுதான் இருக்கிறது என்று நான் அறிவியல்பூர்வமாகப் பதில் சொன்னதில் பை பஸ் கூரைக்குப் போயிற்று, பறித்த காளான் மட்டும் என் மடியில் தங்கியது. விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியவர், யாரோ தெரிந்தவரைப் பார்த்துப் பேச உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி வெயில் கூரைமேல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. நான் மனசுக்குள் அடக்கமாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் இறங்கியதும் மண்டபத்துச் சமையல்காரரைப் பிடித்தேன். பூஜைச் சுண்டலோடு சேர்த்து முன்வரிசைகளுக்கு மட்டும் இதையும் பக்கோடா போட்டுக் கொடுங்கள் என்று பறித்த காளானை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சப்புனு இருக்கும்போல. நான் பாத்துக்கறேன் சார்" என்றார். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மண்டபம் நிறைந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து எங்கள் பையன்களை ஒரு வேனில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். எதற்கும் கைதட்டவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. முன்வரிசையில் நடுவில் கோவிந்தசாமி. வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, நெற்றியில் நாமம். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். ஆரம்பம் நன்றாகவே இருந்தது.

முதலில் மல்லிகா பேசினாள். விடிவதற்கு முன்னால் மற்ற பறவைகள் தூங்கும்போதே முதலில் குரல் கொடுப்பது கரிச்சான். மேய்கிற மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு, மாடு நடக்கும்போது புல்லிலிருந்து எழும்பும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். மல்லாட்டைக் கொல்லையில் கம்பளிப்பூச்சிக்குத் தாயான அந்துப்பூச்சியைப் பறக்கும்போதே கொத்தி விழுங்கும். தன்னைவிடப் பெரிய காக்காயையும் பருந்தையும் துரத்தியடிக்கும். அதனாலேயே மற்ற சின்னப் பறவைகள் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூடு கட்டும். இத்தனையும் கைமாறு கேட்காமல். அவள் சொல்லச் சொல்ல, கோவிந்தசாமி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கே குருவிக்கு ஓட்டுப் போடவேண்டும் போலிருந்தது.

அப்புறம் நான் எழுந்தேன். முதல் மூன்று நிமிஷம் ஒப்பந்தப்படியே பேசினேன். காளானுக்கு நிலம் வேண்டாம், வெயில் வேண்டாம், வீணாகக் கிடக்கும் வைக்கோல் போதும், குளியலறையிலும் விளையும், சத்து அதிகம். அவ்வளவுதான் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. மீதி எல்லாம் விழுப்புரத்தில் சந்தனப் பொட்டோடு இருந்தது. உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். உட்காருவதற்கு முன்னால், சும்மா முடித்துவைப்பதற்காக ஒரு வாக்கியம் சொன்னேன்.

"குருவி பாடும், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாட்டைக் குழம்பு வைக்க முடியுமா?"

கைதட்டல் கிளம்பியது. வேனில் வந்த பையன்கள் மட்டுமில்லை, ஊர்க்காரர்களும் தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். அதுவரை யாரும் எனக்காக விசில் அடித்ததில்லை. வகுப்பில் எனக்கு எதிராகத்தான் அடித்திருக்கிறார்கள். அந்த விசில் காதில் விழுந்த கணத்தில் மல்லிகா, அலமாரி, நிபந்தனை எல்லாம் என் தலையிலிருந்து துடைத்தாற்போல் போய்விட்டன. மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

பேசுவதற்குச் சரக்கு இல்லாதவன் என்ன செய்வான்? சொந்தக்காரர்களைத் துணைக்குக் கூப்பிடுவான். தலைப்பில் இருந்தது சிப்பிக் காளான் என்ற ஒரே ஒரு இனம். நான் மொத்தப் பூஞ்சைக் குலத்தையும் மேடைக்கு அழைத்தேன்.

"நீங்கள் காய்ச்சலில் படுத்தால் ஊசி போடுகிறார்களே, பென்சிலின், அது யார்? எங்கள் வகையறா. நோயாளிக்கு ரொட்டி வாங்கிப் போகிறீர்களே, அந்த ரொட்டியை உப்ப வைப்பது யார்? எங்கள் வகையறா. பானையில் கள் நுரைக்கிறதே, அது யார் வேலை?"

"உங்க வகையறா" என்று மண்டபமே சொன்னது. பின்வரிசைக்காரர் கள்ளுக்காக எழுந்து நின்றே விசில் அடித்தார்.

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரு என்று கண்ணால் சொல்கிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது அது பாராட்டு மாதிரி இருந்தது. நான் இன்னும் மேலே போனேன். குருவி விவசாயி வீட்டு மாட்டின்மேல் ஓசியில் சவாரி செய்கிறது என்றேன். பூச்சி பிடிப்பது அதன் சொந்த வயிற்றுக்காக, இதில் தியாகம் எங்கே வந்தது என்றேன். சரியான நேரத்தில் பக்கோடாத் தட்டுகள் முன்வரிசைகளில் வலம் வந்தன. கோவிந்தசாமி ஒன்று எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். தட்டைக் கொண்டுவந்தவனைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றாவதும் எடுத்தார். ஜெயித்தே விட்டோம் என்று நினைத்தேன். தோற்க வந்தவன் என்பது ஞாபகமே இல்லை.

'நீங்கள் இப்போது சாப்பிடுவது என்ன தெரியுமா' என்று கேட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, 'காளான்' என்று அறிவிப்பதாகத் திட்டம். கேட்கவும் செய்தேன். இடைவெளியும் விட்டேன். அந்த இடைவெளியில் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ், இது கறி பக்கோடாய்யா."

சமையல்காரர் பார்த்துக்கொண்டது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பட்டை, கிராம்பு, சோம்பு, இஞ்சி, பூண்டு என்று கறிக்குப் போடுகிற மசாலாவை அரைத்து ஒரு பிடி பிடித்திருக்கிறார். அதில் ஊறிய காளான் கடிக்கும்போது கறித்துண்டு போலவே இழுபட்டிருக்கிறது. அந்த ஊரில் ஒருவரும் அதற்குமுன் சிப்பிக் காளான் சாப்பிட்டதில்லை. நடந்துகொண்டிருப்பது புரட்டாசி மாதம். பாதி மண்டபம் கறியைத் தொடாமல் பெருமாளுக்கு விரதம் இருக்கிறது. அன்றைக்குச் சரஸ்வதி பூஜை வேறு. (சனிக்கிழமையாக இல்லாமல் போனது மட்டும்தான் என் அதிர்ஷ்டம்.)

"பூஜை நாளும் அதுவுமா கறி போட்டுட்டானுங்க" என்று ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து ஐந்தாறு பேர் எழுந்தார்கள். கோவிந்தசாமி தோள் துண்டை எடுத்து வாயை மூடி, மூன்றாவது பக்கோடாவை அதில் துப்பினார். அதை நான் மேடையிலிருந்து மிகத் தெளிவாகப் பார்த்தேன்.

"கறி இல்லை, கறி இல்லை. காளான்" என்று மைக்கில் கத்தினேன்.

"காளான்னா? குப்பமேட்டுல மொளைக்குமே நாய்க்குடை, அதுவா?"

கறி என்றபோது வந்தது கோபம். நாய்க்குடை என்றதும் வந்தது பயம். இரண்டாவது வரிசைக்காரர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இது விஷக்காளான் இல்லை, சுத்தமாக வளர்த்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. மேஜைமேல் இருந்த பையை முன்னால் இழுத்து, "இதோ பாருங்கள், எவ்வளவு வெள்ளை" என்று சொல்லிக்கொண்டே பாலிதீனை உருவினேன்.

விக்கிரவாண்டியில் டிரைவர் டீயோடு எழுந்து வந்திருந்தால் அது வெள்ளையாக இருந்திருக்கும். வெயிலில் வெந்து, பாலிதீனுக்குள் புழுங்கி, பூ மாதிரி இருந்த காளான் மஞ்சளாகக் குழைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தன என்றே தெரியாத குட்டி ஈக்கள் கூட்டமாகக் கிளம்பி டியூப்லைட்டை நோக்கிப் போயின. அப்புறம் வாடை வந்தது. மேடையில் இருந்த மின்விசிறி அதை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இதையாடா தின்னோம்?" என்று யாரோ கேட்டார். பலர் வெளியே ஓடினார்கள். அவர்கள் வெளியே என்ன செய்தார்கள் என்பது மைக் இல்லாமலேயே உள்ளே கேட்டது.

இந்த நிலையில் பட்டிமன்றத்தை முடித்துவிடுவதுதான் மனிதாபிமானம். ஆனால் முறைப்படி எதிரணிக்குப் பதில் சொல்ல நேரம் உண்டு. மல்லிகா எழுந்தாள். அவள் குரல் உயரவே இல்லை. அவ்வளவு கோபத்தில் இருந்தாள்.

"எதிரணி சார் தன் வகையறா பெரிது என்றார். பென்சிலின் அவர் சொந்தக்காரர், கள்ளும் அவர் சொந்தக்காரர். சரி. மல்லாட்டை இலையில் கருப்பாகப் புள்ளி விழுந்து, இலையெல்லாம் கொட்டிச் செடி மொட்டையாகிறதே டிக்கா நோய், அதுவும் பூஞ்சைதான். அது யார் வகையறா? கரும்பை உள்ளே சிவப்பாக அழுக வைக்கிறதே, நெல்லுக்குக் குலைநோய் வருகிறதே, அதெல்லாம் யார் வகையறா? நல்லதற்கு மட்டும் வந்து நிற்பதா சொந்தம்? கெட்டதற்கும் சேர்த்து வந்து நிற்கச் சொல்லுங்கள்."

மீதி இருந்த மண்டபம் முழுக்கக் கைதட்டியது. எனக்காக விசில் அடித்தவரே அவளுக்கும் அடித்தார். நான் கோவிந்தசாமியைப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை. டிக்கா நோய் என்ற வார்த்தை வந்ததும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வருஷம் அவர் கொல்லையில் மல்லாட்டைச் செடி முழுக்க அதில்தான் மொட்டையாகியிருந்தது. அதை மல்லிகா என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிடப் போகிறேன், எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டாளாம்.

பிரின்சிபால் தீர்ப்புக்கு எழுந்தார். மறுநாள் சேர்க்கைக்கு யார் வருவார்கள் என்ற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "குருவிதான்" என்றார். "குருவியால இதுவரைக்கும் யாரும் வாந்தி எடுக்கல." அவ்வளவு சுருக்கமான தீர்ப்பை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

மண்டபத்தின் பின்பக்கம் கைகழுவுகிற குழாயடியில் கோவிந்தசாமி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மல்லிகா கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். அலமாரியில் தவளையும் பெரணியும் தனித்தனியாகப் போகப் போகின்றன என்று நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை வந்தது. வேட்டி கட்டின வாத்தியார் குழாயடியில் நின்று அழக் கூடாது என்பதால் முகம் கழுவுகிற மாதிரி கழுவினேன்.

"தம்பி" என்றார். "மேடையில அவ்ளோ பேசினீங்களே, அதெல்லாம் நம்பித்தான் பேசினீங்களா?"

நம்பித்தான் பேசினேன் என்றால் அவர் கொல்லையை மொட்டையடித்தவனின் பங்காளி ஆகிவிடுவேன். எனவே புத்திசாலித்தனமாக யோசித்து, மிகுந்த உற்சாகத்தோடு சொன்னேன்.

"இல்லீங்கய்யா. ஒரு வார்த்தைகூட நம்பலீங்க. எனக்குக் குருவிதாங்க புடிக்கும்."

அவர் துண்டை உதறினார்.

"நம்பாததையே இந்தப் போடு போடறீங்க. நாளைக்கு, உங்க பொண்ண நல்லா வச்சிக்கினு காப்பாத்தறேன்னு எங்கிட்ட சொல்லுவீங்க. அத நான் எப்படி எடுத்துக்கறது?"

(அதற்குப் பதில் எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.) அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடக்க ஆரம்பித்தார். மல்லிகா அவர் பின்னால் போனாள். போகிறபோதே சொன்னாள்.

"அப்பா, நானும்தான் நம்பாமப் பேசினேன்."

அவர் நின்றார். "நீ குருவியத்தானம்மா பேசின?"

"ஆமா. இந்த வருஷம் நம்ம கொல்லையில எத்தினி கரிச்சான் வந்து ஒக்காந்துக்கினு இருந்துச்சு? இலையில விழுந்த புள்ளிய அது இன்னா பண்ணிச்சு? ஒரு செடியாவது மிஞ்சிச்சா? பூச்சியத் தின்னும், அவ்ளோதான். மேடைக்குன்னு பேசினேன். பேச வந்தா எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க."

கோவிந்தசாமி மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். மூவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நான் பத்தடி பின்னால், விசாரணைக்கு அழைத்துப் போகப்படுகிறவன் மாதிரி. பஸ் வந்தது. மல்லிகா ஏறினாள். அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கோடா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "எல்லாரும் துப்பறாங்களேன்னு நானும் துப்பினேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "ஜல்தி ஏறுங்க பெரியவரே."

"ஐப்பசி பொறக்கட்டும்" என்றார் கோவிந்தசாமி என்னிடம். "உங்கப்பா அம்மாவ அனுப்புங்க. நீங்க வரவேணாம்."

திண்டிவனம் கிளை அடுத்த வருஷமே மூடப்பட்டது. பிரின்சிபால் மறுபடியும் காவிய நாயகிகளிடமே திரும்பிப் போனார். எங்கள் கல்யாணம் தையில் நடந்தது. பந்தியில் பக்கோடா வந்தபோது பெண் வீட்டார் ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். என் பக்கத்துச் சொந்தங்கள் ஊருக்குள் நுழைந்தால் "காளான் வகையறா வந்துக்கினு இருக்குது" என்று மாமனார் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அது பரவாயில்லை. வீட்டுக்குள் வந்து சேர்ந்ததுதான் பெரிய பேஜாரு.

சாம்பார் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்பிச் சொல்றதா, காளான் பேச்சா?" என்று கேட்பாள். புதுப் புடவை நன்றாக இருக்கிறது என்றால் அதே கேள்வி. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றால் அதே கேள்வி. மகள் பிறந்து பேசக் கற்றுக்கொண்டதும் அவளும் அதையே கேட்டாள். என் வீட்டில் சும்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக எனக்கு வழி கிடையாது. சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மகள், கூட வேலை செய்கிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பையனையும் அவன் பெற்றோரையும் வீட்டுக்கு வரச் சொன்னோம். மல்லிகா பலகாரம் செய்வதில் இருந்ததால் காபி மட்டும் நான் போட்டேன். பையன் நன்றாகப் பேசினான். கொஞ்சம் அதிகமாகவே நன்றாகப் பேசினான். வீடு நல்ல காற்றோட்டம் என்றான். விழுப்புரம் மாதிரி ஊரே கிடையாது என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மாதிரி காபி நான் எங்கேயும் குடிச்சதில்லைங்க அங்கிள்" என்றான்.

எனக்குக் குழாயடி ஞாபகம் வந்துவிட்டது. என்னை மீறி வாய் கேட்டது.

"தம்பி, இது நம்பித்தான் சொல்றீங்களா?"

அவன் அம்மாவின் முகம் மாறியது. என் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பையன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி டம்ளரைப் பார்த்தான்.

"இல்லீங்க அங்கிள்" என்றான். "பால் அடி பிடிச்சிருக்குது. மரியாதைக்குச் சொன்னேன்."

சமையலறையில் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. மல்லிகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர்.

"ஐப்பசி வரைக்கும் எல்லாம் காத்துக்கினு இருக்க வேணாம் சார்" என்றாள் என்னிடம். "இன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திடலாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னாள்.